கழற்றி வைத்த நாடா

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் தீப்பிடித்தது. மின்தடை நேரத்துக்கென வைத்திருந்த லித்தியம் அயன் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மூண்ட தீ அது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றுபோயின. அவற்றில் 96 நேரடியாகத் தீக்கு இரையாயின. நின்றுபோனவற்றை மெல்ல மெல்ல மீட்டார்கள். மீளாமல் போனது ‘ஜி டிரைவ்’ என்ற பொதுச் சேமிப்பகம். அரசு ஊழியர்கள் அலுவல் கோப்புகளைத் தங்கள் மேசைக் கணினியில் வைக்காமல் இதில்தான் வைக்க வேண்டும் என்று 2018 முதலே சொல்லப்பட்டிருந்தது. ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மொத்தத்தில் 858 டெராபைட் சேர்ந்திருந்தது. அதற்கு வேறெங்கும் பிரதி இல்லை. ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு சொன்ன பதில், கொள்ளளவு மிகப் பெரியது, வெளியே பிரதி எடுக்கும்படி அந்த அமைப்பு உருவாக்கப்படவில்லை என்பது.

இந்தப் பதிலை ஒரு சின்னக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021இல் சந்தைக்கு வந்த எல்.டி.ஓ. 9 வகைக் காந்த நாடாக் காட்ரிட்ஜ் ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். 858 டெராபைட்டுக்கு 48 காட்ரிட்ஜ்கள் போதும். ஒவ்வொன்றின் தடிமனும் 21.5 மில்லிமீட்டர். நாற்பத்தெட்டையும் செங்குத்தாக நிறுத்தி வரிசையாக வைத்தால் ஒரு மீட்டர் நீளத் தட்டு நிறையும், அவ்வளவுதான். இவற்றுக்கான முழு உயர டேப் டிரைவ் ஒன்று நொடிக்கு 400 மெகாபைட் எழுதும். ஒரு காட்ரிட்ஜ் நிரம்பப் பன்னிரண்டரை மணி நேரம் என்றால் எல்லாவற்றுக்கும் 600 மணி, அதாவது 25 நாள். நான்கு டிரைவ்களை ஓட்டினால் ஒரு வாரத்துக்குள் வேலை முடியும். நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும் என்றே வைத்துக்கொள்வோம். முதல் முழுப் பிரதி எடுத்த பிறகு அன்றன்று மாறியதை மட்டும் எழுதினால் போதும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். ‘மிகப் பெரியது’ என்ற காரணம் இதற்கு முன் நிற்கவில்லை. அந்த வேலை யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் இருந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

டேப், அதாவது காந்த நாடா, என்றதும் மலிவு, கொள்ளளவு என்று பேசத் தொடங்குவது வழக்கம். அவை உண்மைதான், ஆனால் இரண்டாம்பட்சம். எழுதி முடித்த தகவலை, எழுதிய இயந்திரத்திலிருந்து உருவி எடுத்து, மின்சாரமும் வலைப்பின்னலும் எட்டாத ஓரிடத்தில் வைத்துவிட முடிகிறது என்பதே டேப்பின் தலையான பயன். டேப் டிரைவை நிறுவுவது, பராமரிப்பது பற்றித் தயாரிப்பாளர்களின் கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்லும் விதிகளை இந்த ஒரு கோணத்திலிருந்து படித்தால் அவை தனித்தனிச் சடங்குகளாகத் தோன்றாது. இயந்திரம் ஓரிடத்தில், நாடா வேறிடத்தில் என்று பிரிந்திருப்பதால் வரும் நன்மைக்கு நாம் கொடுக்க வேண்டிய விலையே அந்த விதிகள்.

பிரித்து வைப்பதால் என்ன லாபம் என்பதற்குத் தீ ஓர் எளிய உதாரணம் மட்டுமே. நடைமுறையில் தகவல் அழிவது பெரும்பாலும் உள்ளிருந்துதான். 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதத்தினரின் அஞ்சல்பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. கூகுள் ஒவ்வோர் அஞ்சலுக்கும் பல தரவு மையங்களில் பிரதி வைத்திருந்தது. சேமிப்பு மென்பொருளில் நுழைந்த பிழையோ எல்லாப் பிரதிகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டது. கடைசியில் அஞ்சல்கள் திரும்பியது டேப்பிலிருந்து. அந்த நாடாக்கள் இணைப்பில் இல்லாததால் பிழை அவற்றை எட்டவில்லை என்று அந்நிறுவனமே விளக்கியது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் எடுக்க வேண்டிய நிரலே புதுப்பிக்கப்பட்டபோது பிழையாகி, 77 டெராபைட் ஆய்வுத் தரவை, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகளை, அழித்துவிட்டது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் வலைப்பின்னலில் பரவியபோது, பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சுமார் 150 சர்வர்கள் ஒன்றையொன்று பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும்படி அமைந்திருந்தன; எல்லாம் ஒன்றாக அழிந்தன. தப்பியது கானாவில் இருந்த ஒன்று மட்டும். அங்கே அந்த நேரத்தில் மின்சாரம் இல்லை. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றை ஒரு மின்வெட்டு காப்பாற்றியது. டேப்பைக் கழற்றி வைப்பது அதே மின்வெட்டை நாமே திட்டமிட்டு உண்டாக்கிக்கொள்வதுதான்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று நடந்ததும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு மறைகுறியாக்கப்பட்டுப் பூட்டப்பட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. பாதிக்கப்படாமல் இருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளிகளின் தரவு மீட்கப்பட்டது. அங்கே நல்வாய்ப்பாகப் பேக்கப் தப்பியது. தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை எழுதுபவர்கள் பேக்கப்பின் மதிப்பை அறியாதவர்கள் அல்லர். உள்ளே புகுந்ததும் அவர்கள் முதலில் தேடுவது பேக்கப் இருக்கும் இடத்தைத்தான். அலமாரியில் கிடக்கும் காட்ரிட்ஜை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. ஒருவர் எழுந்து போய் அதை எடுத்துச் செருக வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. குறிப்பிட்ட காலம்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியைக் கிளவுட் நிறுவனங்களே தருகின்றன. பிறகு எதற்கு இந்த நாடா? பூட்டு நல்ல வசதிதான். பலருக்கு அதுவே போதும். ஆனால் அந்தப் பூட்டும் ஒரு மென்பொருள். கணக்கை நிர்வகிப்பவரின் கடவுச்சொல், கட்டணம் கட்டத் தவறாத ஒரு நிறுவனம், அதை நடத்தும் இன்னொரு நிறுவனம் என்ற சங்கிலி முழுதும் அறுபடாமல் இருந்தால்தான் அது பூட்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தபோது, தங்கள் பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது என்பதை வாடிக்கையாளர்கள் சிலர் அன்றுதான் அறிந்தார்கள். நூறு டெராபைட்டை இணையம் வழியாகத் திரும்ப இறக்க எத்தனை நாள் ஆகும், அதற்கு என்ன கட்டணம் என்ற கேள்வியையும் விபத்து நடந்த பிறகே பலர் கேட்கிறார்கள். கிளவுடும் டேப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஒரே காரணத்தால் இரண்டும் ஒரே நாளில் போகாது என்பதற்காகவே இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் காகிதப் பட்டையில் இரும்பு ஆக்சைடு தூளை ஒட்டி ஒலியைப் பதிந்தார். 1952இல் ஐ.பி.எம். 726 அரை அங்குல பிளாஸ்டிக் நாடாவில் கணினித் தரவை எழுதியது. ஒரு சுருளில் சுமார் 2 மெகாபைட். நாடாவின் அகலம் இன்றும் ஏறக்குறைய அதே அரை அங்குலம்தான். மற்ற எல்லாம் மாறிவிட்டன. எல்.டி.ஓ. 9 காட்ரிட்ஜுக்குள் 1,035 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது, தடிமன் 5.2 மைக்ரோமீட்டர். அதன் மேற்பரப்பை விரித்தால் 13 சதுர மீட்டர், நம் கணக்கில் 140 சதுர அடி. ஹார்டு டிஸ்க் தகடு ஒன்றின் பரப்பு இதன் முன் மிகச் சிறிது; அதனால்தான் டிஸ்க்கைவிட ஏறத்தாழ நூறு மடங்கு தாராளமாக இடம் விட்டு எழுதியும் டேப் இவ்வளவு கொள்கிறது. மேலும் நெருக்கி எழுத அதற்கு இன்னும் இடம் இருக்கிறது. ஐ.பி.எம்.மும் ஃபூஜிஃபிலிமும் 2020இல் ஆய்வகத்தில் காட்டிய அடர்த்தியில் எழுதினால் ஒரே காட்ரிட்ஜில் 580 டெராபைட் அடங்கும்.

அந்த அரை அங்குல அகலத்தில் 8,960 தடங்கள் ஓடுகின்றன. தடம் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் ஒன்றரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஒரே நேரத்தில் 32 தடங்களை எழுதிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், சற்றே நகர்ந்து, திரும்பி வந்து, இப்படி மொத்தம் 280 முறை நாடாவின் நீளத்தைக் கடந்தால் காட்ரிட்ஜ் நிரம்பும். கணக்குப் போட்டால் ஒரு காட்ரிட்ஜை நிரப்பும்போது 290 கிலோமீட்டர் நாடா எழுதுமுனையை உரசிக் கடக்கிறது. நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஓடும் ஒரு மெல்லிய பட்டையில், மைக்ரோமீட்டர் அளவு பிசகாமல் முனையைத் தடத்தின் மேல் நிறுத்த, தொழிற்சாலையிலேயே நாடா முழுவதும் வழிகாட்டிக் கோடுகளை எழுதிவிடுகிறார்கள். டிரைவ் அவற்றைப் படித்தபடியே தன்னைத் திருத்திக்கொள்கிறது. பழைய காலப் பழக்கத்தில், காந்தம் காட்டி அழிக்கும் கருவியில் இந்தக் காட்ரிட்ஜை வைத்தால் தரவோடு அந்தக் கோடுகளும் போய்விடும். அதன் பிறகு எந்த டிரைவாலும் அதில் எழுத முடியாது. பிளாஸ்டிக் பெட்டி மட்டுமே மிஞ்சும்.

டிரைவை நிறுவும்போது பெரும்பாலோர் தவறுவது வேக விஷயத்தில். ஹார்டு டிஸ்க் தரவுக்காகக் காத்திருக்கும்போது சும்மா சுழன்றுகொண்டிருக்கும், அதனால் நட்டமில்லை. டேப் அப்படி அல்ல. தரவு வருவது தடைப்பட்டால் ஓடுகிற நாடாவை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்குள் அது எழுத வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும். நிறுத்தத்தைத் தாண்டிப்போன பேருந்தைப்போல அது பின்னால் வந்து, இன்னும் கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வேகமெடுத்து, விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். துறையில் இதை ‘ஷூ ஷைனிங்’ என்கிறார்கள். நேரம் வீணாவது ஒரு பக்கம், நாடாவும் முனையும் தேவையின்றித் தேய்வது இன்னொரு பக்கம். வரும் தரவின் வேகத்துக்கேற்ப டிரைவ் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு, அதற்குக் கீழே இந்த முன்பின் ஆட்டம் தொடங்கிவிடும். லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ அலுவலக வலைப்பின்னல் வழியாகவோ நேரே டேப்புக்கு அனுப்பினால் நடப்பது இதுதான். சாதாரண ஒரு ஜிகாபிட் இணைப்பு நொடிக்கு 125 மெகாபைட்டைத் தாண்டாது. 400 மெகாபைட் கேட்கும் இயந்திரத்துக்கு அது அரைப் பட்டினி. தரவை முதலில் வேகமான எஸ்.எஸ்.டி.யில் சேர்த்துப் பெரிய தொகுப்புகளாக்கி, அங்கிருந்து டேப்புக்கு ஒரே மூச்சில் ஓட்டுவதே வழி. டிரைவ் வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள் அந்த எஸ்.எஸ்.டி.க்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். டிரைவை இணைக்கும் எஸ்.ஏ.எஸ். அட்டையும் சாதாரண வகையாக இருக்க வேண்டும். டிஸ்க்குகளைத் தொகுக்கும் ரெய்டு அட்டையில் டேப்பைச் செருகிவிட்டு அது ஏன் தெரியவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும் வீண்வேலை.

லினக்ஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரே டிரைவ் இரண்டு பெயர்களில் தோன்றும்: எஸ்.டி.0, என்.எஸ்.டி.0. முதல் பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் நாடா தானே தொடக்கத்துக்குச் சுற்றப்பட்டுவிடும். இரண்டாவதில் சுற்றப்படாமல், எழுதி முடித்த இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமைப் பேக்கப்பை முதல் பெயரில் எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமையுடையதையும் அதே பெயரில் எழுதினால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. செவ்வாயின் தரவு திங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். நாடாவில் ஓரிடத்தில் புதிதாக எழுதினால் அதற்குப் பின்னால் இருந்த பழையது எதையும் டிரைவ் காட்டாது. ஆகவே ஒரு சிறு எழுத்து வித்தியாசத்தில் ஒரு வாரப் பேக்கப் ஒரு நாள் பேக்கப்பாகச் சுருங்கிவிடலாம். பாக்குலா, அமாண்டா போன்ற பேக்கப் மென்பொருள்கள் ஒவ்வொரு காட்ரிட்ஜுக்கும் ஓர் அடையாளத்தை எழுதி, அதைப் படித்துப் பார்த்த பிறகே மேலெழுதுகின்றன. கையால் கட்டளை தட்டுவதைவிட அதுவே பாதுகாப்பு. எல்.டி.ஓ. 5 தலைமுறையிலிருந்து எல்.டி.எஃப்.எஸ். என்ற முறையில் டேப்பை ஒரு சாதாரண டிஸ்க்கைப்போலத் திறந்து கோப்புகளை இழுத்துப் போடலாம். பார்க்க எளிது. அது டிஸ்க் இல்லை என்பதை மறக்கவைப்பதே அதன் ஆபத்து: அழித்த கோப்பின் இடம் திரும்பக் கிடைக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்தால் நாடா முன்னும் பின்னும் ஓடித் தேயும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 45 டெராபைட் என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற அனுமானத்தில் சொல்வது அது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களும் வீடியோக்களும் மேலும் சுருங்குவதில்லை.

ஒன்றரை மைக்ரோமீட்டர் தடம் என்பதிலிருந்து அடுத்த விதி பிறக்கிறது. நாடாவின் அடித்தளம் பிளாஸ்டிக். வெப்பத்திலும் ஈரத்திலும் அது அகலத்தில் சற்றே விரியும், சுருங்கும். அந்தச் சிறு மாற்றமே ஒரு முழுத் தடத்தின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கதாகிவிடுகிறது. அதனால்தான் எல்.டி.ஓ. 9 காட்ரிட்ஜை முதன்முறை செருகும்போது டிரைவ் அதை அளந்து தன்னைப் பொருத்திக்கொள்ள இரண்டு மணி நேரம்வரை எடுத்துக்கொள்கிறது. புதிதாக வாங்கியவர்கள் டிரைவ் பழுது என்று பதறி நடுவில் நிறுத்துவதுண்டு, நிறுத்தக் கூடாது. காட்ரிட்ஜைப் பயன்படுத்தப்போகும் அறையிலேயே ஒரு நாள் வைத்திருந்து, அந்தச் சூழலுக்குப் பழகிய பிறகு இதைச் செய்வது நல்லது. நீண்ட காலம் பாதுகாக்கத் தயாரிப்பாளர்கள் சொல்லும் சூழல் 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். முப்பது ஆண்டு வாழும் என்ற வாக்குறுதியும் இந்த நிபந்தனைக்கு உட்பட்டதே. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காலை நேரத்து ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். பகலில் ஏ.சி. ஓடி மாலையில் நிறுத்தப்படும் அலுவலக அறை, நாள் முழுதும் வெக்கையாக இருக்கும் அறையைவிட மோசம். தினமும் ஒரு முறை நாடா விரிந்து சுருங்குகிறது, குளிர்ந்த பொருளின் மேல் ஈரம் படியவும் கூடும். காற்றுப்புகாப் பெட்டியும், சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், ஒரு மலிவான ஈரமானியும் இந்த ஊர்களில் டிரைவோடு சேர்த்து வாங்க வேண்டியவை. ஈரம் என்ன செய்யும் என்பதற்கு 1970களிலும் 80களிலும் வந்த ஒலிநாடாக்கள் சாட்சி: காந்தத் தூளைப் பிடித்திருந்த பாலியூரிதேன் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து, ஓட்டும்போது முனையிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒலிக் காப்பகங்கள் அவற்றை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டியெடுத்து, கிடைத்த சில வார அவகாசத்துக்குள் வேறு ஊடகத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இன்றைய நாடாக்களின் பசை வேறு. அவற்றில் உள்ள பேரியம் ஃபெர்ரைட் துகள் ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் துருப்பிடிக்கும் அச்சமும் இல்லை. ஆனாலும் நிபந்தனையை மீறினால் வாக்குறுதியும் இல்லை.

சுத்தம் செய்வதில் நம் வழக்கமான அக்கறை இங்கே கெடுதலாகிவிடும். வாரம் ஒரு முறை முனையைத் துடைக்க வேண்டும் என்பது பழைய தலைமுறை டிரைவ்களுக்கு உரிய விதி. எல்.டி.ஓ. டிரைவுக்குள் முனையைத் துடைக்கும் சிறு தூரிகை உண்டு. அதையும் மீறித் தேவைப்பட்டால் டிரைவே விளக்கைக் காட்டியோ திரையில் ‘சி’ என்ற எழுத்தைக் காட்டியோ கேட்கும். கேட்டால் மட்டும் சுத்தக் காட்ரிட்ஜைச் செருக வேண்டும். அதன் நாடா சொரசொரப்பானது. தேவையின்றிச் செருகும் ஒவ்வொரு முறையும் முனை தேயும். அதிலும் பொதுவாக 50 முறைக்குத்தான் சரக்கு உண்டு. ஆனால் ஒன்று. குறிப்பிட்ட ஒரு காட்ரிட்ஜைச் செருகும் போதெல்லாம் டிரைவ் சுத்தம் கேட்கிறது என்றால் குற்றம் டிரைவுடையதாக இருக்காது. அந்தக் காட்ரிட்ஜின் தரவை வேறொன்றுக்கு மாற்றிவிட்டு அதை ஒதுக்கிவிட வேண்டும். கீழே விழுந்த காட்ரிட்ஜும் அப்படியே. உள்ளே நாடாவின் நுனியைப் பிடித்திருக்கும் சிறு ஊசி இடம் பெயர்ந்திருந்தால், அது டிரைவுக்குள் போய் மாட்டிக்கொண்டு காட்ரிட்ஜைவிடப் பல மடங்கு விலையுள்ள டிரைவையும் முடக்கிவிடும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் பேக்கப் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. டேப் டிரைவில் எழுதும் முனைக்கு அடுத்தே படிக்கும் முனை இருக்கிறது. எழுதிய மறுகணம் அதைப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அதே தரவை நாடாவில் சற்றுத் தள்ளி மறுபடி எழுதுகிறது. இதைக் காட்டி, டிரைவே சரிபார்த்துவிட்டதே, நாம் ஏன் மீண்டும் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தனக்கு வந்தது நாடாவில் ஏறிவிட்டது என்பதற்கு மட்டுமே டிரைவ் உத்தரவாதம் தருகிறது. வரவேண்டியது வந்ததா என்பது அதற்குத் தெரியாது. பிக்ஸார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது தவறான கட்டளை ஒன்றால் படத்தின் கோப்புகள் அழிந்தன; டேப் பேக்கப்பைத் தேடியபோதுதான் அது சில காலமாகவே ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. படத்தின் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மன் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காக வைத்திருந்த பிரதி காப்பாற்றியது. அதுவும் அலுவலகத்திலிருந்து பிரிந்திருந்த பிரதிதான் என்பதைக் கவனிக்கலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, பேக்கப்புக்கென்று இருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் தினசரிப் பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன.

ஆகவே பராமரிப்பு அட்டவணையில் சுத்தம் செய்வதைவிட மேலே இருக்க வேண்டியது மீட்டெடுக்கும் ஒத்திகை. அதை எப்படிச் செய்வது என்பதில்தான் நாடா பிரிந்திருப்பதன் முழுப் பொருளும் இருக்கிறது. எழுதிய அதே டிரைவில், அதே கணினியில் படித்துப் பார்ப்பது பாதிச் சோதனை. டிரைவின் முனை சற்றுக் கோணியிருந்தால் தான் எழுதியதைத் தானே தடையின்றிப் படித்துவிடும், வேறு டிரைவ் படிக்காது. விபத்து நாளில் அந்த டிரைவும் அந்தக் கணினியும் இருக்கப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு, வேறு டிரைவில், வெற்றுக் கணினியில், ஏதாவதொரு பழைய காட்ரிட்ஜை எடுத்துச் சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் மற்ற ஓட்டைகள் தெரியவரும்: எந்தக் கோப்பு எந்தக் காட்ரிட்ஜில் என்ற பட்டியல் எரிந்துபோன சர்வரில் மட்டும் இருந்தது, எல்.டி.ஓ. 4 முதல் வந்திருக்கும் மறைகுறியாக்க வசதியை இயக்கிவிட்டு அதன் சாவியை வேறெங்கும் எழுதி வைக்கவில்லை, நிரலின் உரிம எண் யாரிடமும் இல்லை. சாவி தொலைந்த மறைகுறியாக்க நாடா வெற்று நாடாவுக்குச் சமம். பட்டியலையும் சாவியையும் காகிதத்தில் அச்சிட்டு வேறு கட்டடத்தில் வைப்பது பழம்பாணியாகத் தெரியலாம். அந்தக் காகிதத்தையும் எந்த ரான்சம்வேரும் தொட முடியாது.

டேப்புக்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு, நாடா முப்பது ஆண்டு நீடித்தாலும் அதைப் படிக்கும் டிரைவ் நீடிக்குமா என்பது. 1966, 67இல் நிலவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் கலங்கள் அனுப்பிய படங்கள் பெரிய காந்த நாடாக்களில் இருந்தன. நாடாக்கள் பத்திரமாகவே இருந்தன. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர். 900 இயந்திரங்கள் உலகிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. நான்சி எவான்ஸ் என்ற நாசா காப்பாளர் அந்த இயந்திரங்கள் சிலவற்றைக் குப்பைக்குப் போகவிடாமல் ஆண்டுக்கணக்கில் தம் பொறுப்பில் வைத்திருந்ததால்தான், 2008இல் கலிஃபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடத்துக்குள் அவற்றைப் பழுதுபார்த்துப் படங்களை மீட்கத் தொடங்க முடிந்தது. பிரிந்திருப்பது பலம் என்று இதுவரை சொன்னேன். பிரிவு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. எல்.டி.ஓ.விலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஏழாம் தலைமுறைவரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளைப் படித்தது. எட்டும் ஒன்பதும் முந்தைய ஒன்றை மட்டும் படிக்கின்றன. 2025இல் வந்த பத்தாம் தலைமுறை தன்னைத் தவிர எதையும் படிக்காது. ஊடகத்தின் ஆயுள் முப்பது ஆண்டு என்று நம்பி ஒருமுறை எழுதிப் பூட்டிவைப்பவர் ஏமாந்துபோவார். ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் புதிய தலைமுறைக்கு மாற்றி எழுதும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் வைக்க வேண்டும்; புதிய டிரைவ் வந்த அன்றே பழையதை விற்கக் கூடாது. இந்த மாற்றம் வெறும் சுமை என்றும் சொல்ல முடியாது. பழைய நாடா ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்தாக வேண்டியிருப்பதால், யாரும் செய்ய விரும்பாத அந்த ஒத்திகை தன்னால் நடந்துவிடுகிறது.

கடைசியாகப் பணம். காட்ரிட்ஜ் ஆயிரங்களில் முடியும், டிரைவ் லட்சங்களில். ஆகவே ஐந்தாறு டெராபைட் புகைப்படம் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரருக்கோ, ஒரு கணக்கர் அலுவலகத்துக்கோ டேப் வாங்கச் சொல்வது நியாயமல்ல. இரண்டு வெளிப்புற ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி, ஒன்று இணைப்பில் இருக்கும்போது மற்றொன்று வேறு வீட்டில் இருக்கும்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அவர்களுக்குப் போதும்; புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் எழுதிப் பரவிய 3-2-1 விதி, மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்பது, எந்த ஊடகத்துக்கும் பொருந்தும். பல பத்து டெராபைட் சேர்ந்து, அதைப் பல ஆண்டு வைத்திருக்க வேண்டியவர்களுக்கு, அதாவது படத்தொகுப்பு நிலையங்கள், மருத்துவமனைகளின் ஸ்கேன் பிரிவுகள், சுவடிகளைப் படமெடுக்கும் நூலகங்கள் ஆகியவற்றுக்கு, டிரைவின் விலை காட்ரிட்ஜ்களின் மலிவில் கரைந்துவிடும். அவர்களும் புத்தம்புதிய தலைமுறையைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் எல்.டி.ஓ. 6, 7 டிரைவ்கள் பழைய சாமான் சந்தையில் குறைந்த விலைக்கு வருகின்றன. வாங்கும்போது விற்பவரிடம் வேறொரு டிரைவில் எழுதிய காட்ரிட்ஜைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கலாம். டிரைவ் தன் நினைவில் வைத்திருக்கும் ஓடிய மணிக்கணக்கையும் பிழைப் பதிவையும் கேட்டு வாங்கலாம். விலை ஒத்துவந்தால் ஒரே மாதிரி இரண்டாக வாங்கி, ஒன்றைக் காட்ரிட்ஜ்கள் இருக்கும் இடத்திலேயே உறையோடு வைத்துவிடுவது நல்லது.